பெகு பக்கத்துத் தமிழ்ச் சபைக்குப் போய் வந்தோம்: ‘ஊழியத்தின் பலன்’ கட்டத்தில் என்ன எழுதுவது?

பொருநை_ஜெபா (பாளையங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் இருப்பவர்களும் அங்கிருந்து வந்தவர்களும் இந்தக் குழுவில் அதிகம் என்பதால் இங்கே கேட்கிறேன்.

2019 கடைசியில், கொரோனாவுக்கும் ஆட்சிக் கவிழ்ப்புக்கும் முன்னால், எங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) வாலிபர் குழு பர்மாவில் ஒரு தமிழ்ச் சபைக்குப் போனது. பெகு (இப்போது பாகோ என்கிறார்கள்) பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். இப்போது அடுத்த வெளிநாட்டு மிஷன் பயணம் எங்கே என்று கமிட்டியில் பேச்சு வந்து, பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் ‘ஊழியத்தின் பலன்’ என்று ஒரு கட்டம் உண்டு. எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை போட வேண்டிய இடம். அதை நான் அப்போதே காலியாக விட்டிருந்தேன். இப்போது நிரப்பிக் கொடு என்கிறார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கொண்டுபோனது பொம்மலாட்டப் பெட்டி, புரொஜெக்டர், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாடப் புத்தகங்கள், அப்புறம் ஆளுக்கொரு பிரசங்கம். சபைப் போதகர் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கி உள்ளறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். “கரண்டு வந்தால் பார்க்கலாம் தம்பி, முதலில் சாப்பிடுங்க” என்றார். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் கூட்டம் போட்டால் கேள்வி வரும் என்பதைத்தான் அப்படி நாகரிகமாகச் சொன்னார். வெளிநாட்டவர் வீடுகளில் தங்க முடியாது, உரிமம் உள்ள விடுதியில்தான் தங்க வேண்டும். அதனால் காலையில் போய் இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடுவோம். ஆக, எங்களுக்குக் கிடைத்த வேலை உட்கார்ந்து பார்ப்பது.

ஞாயிறு ஆராதனைக்குப் பெண்கள் ஆளுக்கொரு துணிப்பையோடு வருவார்கள். உள்ளே பிடியரிசி. தினமும் உலை வைக்கும்போது வீட்டுக்கென்று எடுத்த அரிசியில் ஒரு பிடியைத் தனியே போட்டு வைப்பது. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பாட்டி காலத்தில் இருந்ததுதான். அங்கே சபையின் வரவு செலவே அதில்தான் ஓடுகிறது. எல்லாவற்றையும் பிரசங்கபீடத்துக்கு முன்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு மூப்பர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துருப்பிடித்த கண்டென்ஸ்டு மில்க் டப்பாவால் அளப்பார். எட்டு டப்பா ஒரு பியி, அது பர்மிய அளவு. தலைதட்ட ஒரு மூங்கில் பட்டை. பக்கத்தில் ஒரு பெண் நோட்டில் பர்மிய எழுத்தில் குறித்துக்கொள்வாள். போதகர் வீட்டுக்கு இவ்வளவு, வேலையில்லாத வீடுகளுக்கு இவ்வளவு, மீதியை விற்று ரொக்கமாக இவ்வளவு. அரிசி வாங்கும் வீடுகளில் ஒன்று புத்த மதத்தைச் சேர்ந்த ஒரு விதவையின் வீடு. அந்த அம்மா சபைக் கோயிலுக்குள் கால் வைத்ததே இல்லையாம். “பக்கத்து வீடு, அவ்வளவுதான்” என்றார் மூப்பர்.

நாங்களும் யாங்கோனில் அரிசி மூட்டைகள் வாங்கி வந்திருந்தோம். எங்கள் குழுத் தலைவர் அண்ணன், வீடு வீடாகக் கொடுத்துப் படம் எடுக்க ஏற்பாடு செய்திருந்தார். மூப்பர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூட்டைகளைப் பிரித்து அதே கூடையில் கொட்டச் சொன்னார். அதே டப்பாவால் அளந்தார். நோட்டில் ‘விருந்தாளிகள்’ என்று ஒரே வரி எழுதச் சொன்னார். மூட்டை மூட்டையாக டப்பாவால் அளந்தால் என்ன ஆகும்? மதியச் சாப்பாடு சாயங்காலமாகிவிட்டது. எந்த அரிசி எந்த வீட்டுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. படமும் இல்லை.

பெரிய வெளிச்சம் எதுவும் வானத்திலிருந்து இறங்கவில்லை. ஆனால் திரும்பி வந்து எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் உதவி வழங்கும் கூட்டத்தில் உட்கார முடியவில்லை. மேடை, பேனர், பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக வந்து புடவை வாங்குவது, புகைப்படக்காரர் “இங்கே பாருங்கம்மா” என்பது. இதை நிறுத்த வேண்டும் என்று கமிட்டியில் பேசினேன், சண்டையும் போட்டேன். இத்தனை வருஷத்தில் பேனர் போயிருக்கிறது, மேடை இன்னும் இருக்கிறது.

‘போன இடத்தில் நாங்கள்தான் மாறி வந்தோம்’ என்று அந்தக் கட்டத்தில் எழுதலாமா?

---

வேப்பேரி_சாம் (சென்னை)

தம்பி, எழுதுங்கள். கமிட்டி சிரிக்காது, கணக்குக் கேட்கும். விமானம், விடுதி, விசா எல்லாம் சேர்த்த தொகையை அப்படியே அனுப்பியிருந்தால் அந்தக் கூடை எத்தனை ஞாயிற்றுக்கிழமை நிரம்பியிருக்கும்?

“கொடுக்கப் போனோம், பெற்று வந்தோம்” என்று எல்லாக் குழுவும்தான் சொல்கிறது. எங்கள் சபையிலிருந்து நேபாளம் போனவர்கள் சொன்னார்கள், ஸ்ரீலங்கா போனவர்கள் சொன்னார்கள். சாட்சி சொல்லும்போது கண் கலங்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த வருஷம் வேறு நாடு. நம் மனசு மாறுவதற்கு ஏழை வீட்டு அடுப்பில் ஏன் உலை கொதிக்க வேண்டும்? அவர்கள் என்ன நமக்கு டியூஷன் சென்டரா?

உங்கள் மேல் கோபம் இல்லை. மேடையை நிறுத்தச் சண்டை போட்டீர்கள், அது நல்ல காரியம். ஆனால் அதற்கு பெகு வரைக்கும் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

---

ஓய்வு_வாத்தியார் (நாசரேத்)

சாமுவேல் தம்பி அவசரப்படுகிறார். நம்மூர் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி. எஸ். அசரியா, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். அவர் 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிமார் நிறைந்த சபையில் எழுந்து பேசியதை எல்லோரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். மேசைக்கு எங்களைக் கூப்பிடாமல் உபகாரம் மட்டும் செய்கிறீர்கள் என்பதுதான் அதன் சாரம். பலருக்கு முகம் சுண்டிப்போனது. இரண்டு வருஷம் கழித்து அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு வெள்ளைக்காரன் உட்கார்ந்த நாற்காலியில் இன்றைக்குப் பாளையங்கோட்டைக்காரன் உட்கார்ந்திருக்கிறான். அந்த மூப்பர் அசரியாவைப் படித்திருக்க மாட்டார். ஆனால் ஒரு டப்பாவை வைத்து அதையே சொல்லிவிட்டார்.

---

ரங்கூன்_ரூத் (யாங்கோன்)

வீட்டுக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி பேசலாமா?

நான் அந்தச் சபை இல்லை, ஆனால் இதுமாதிரி குழுக்களை நாங்களும் ஏற்றிருக்கிறோம். விருந்தாளி வருகிறார் என்றால் எங்களுக்கு முதல் கவலை பிரசங்கம் இல்லை, கக்கூஸ். இரண்டாவது தண்ணீர். மூன்றாவது, யார் வீட்டில் கோழி அடிப்பது. அன்றாடம் மொய்ங்காவிலும் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) கீரையிலும் ஓடும் வீடு, நீங்கள் வரும் வாரத்தில் கோழியும் வறுத்த மீனும் வைக்கும். அந்த மாதம் அந்த வீட்டில் வேறு எதிலோ கை வைத்திருப்பார்கள். எதில் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

வார்டு ஆபீஸ் இன்னொரு தொல்லை. இரவு விருந்தாளியைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2016-இல்தான் போனது, 2021 பிப்ரவரியில் திரும்ப வந்துவிட்டது. நீங்கள் விமானம் ஏறின பிறகும் “அந்த இந்தியாக்காரர்கள் எதற்கு வந்தார்கள்” என்று கேட்பார்கள். எங்கள் ஆட்களில் சிலரிடம் இருப்பது இளஞ்சிவப்பு அட்டை, சிலரிடம் நீலம், சிலரிடம் பச்சை. 1982 சட்டத்தில் யார் முழுக் குடிமகன், யார் அரைகுறை என்று அந்த நிறம் சொல்லும். இன்னும் வெளிநாட்டவர் பதிவோடேயே வாழ்ந்து செத்த பெரியவர்களும் உண்டு. இங்கேயே பிறந்தவர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் உங்களுக்குக் கதவைத் திறக்கிறார்கள் என்பதை அறிக்கையில் எழுதாவிட்டாலும் மனதில் வையுங்கள்.

சாம் அண்ணே, பணத்தை அனுப்பு என்பது சொல்லச் சுலபம். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அரசு விலைக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய வங்கி உத்தரவு போட்டது. வெளிச்சந்தை விலை வேறு எங்கேயோ இருந்தது. போதாததற்கு, வெளிநாட்டுப் பணம் வருகிற சபை என்று பெயர் எடுத்தால் அது தனி வம்பு.

சரி, எங்கள் சபைகள் ஏன் யாரையும் எதிர்பார்க்காமல் நடக்கின்றன தெரியுமா? எங்களுக்கு ஒன்றும் தனிப் பக்தி கிடையாது, ஆள் இல்லாமல் போனதுதான் காரணம். 1964-இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. 50, 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். அடுத்த வருஷம் மிஷன் பள்ளிகள் போயின. 1966-இல் வெளிநாட்டு மிஷனரிகளையும் அனுப்பிவிட்டார்கள். என் பாட்டி சொல்வார்: ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்கு உட்கார இடம் இல்லை, சில வருஷத்திலேயே முதல் இரண்டு பெஞ்சுதான் நிரம்பியது. ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் கப்பலில் போய்விட்டார்கள். மிஞ்சினவர்கள் கைதட்டிப் பாடினார்கள், அப்படியே பழகிவிட்டது. அடக்கம் செய்யக்கூடப் போதகர் இல்லாமல் துணி வியாபாரம் செய்த ஒரு தாத்தாதான் புத்தகம் பார்த்து ஜெபம் வாசிப்பாராம். அந்த நாட்களில் வந்த ஒழுங்குதான் ஜெபா தம்பி பார்த்த கூடை, டப்பா, நோட்டு எல்லாம்.

அதனால் ‘அவர்களுடைய எளிமை என்னை மாற்றியது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் தம்பி. எளிமையாக இருக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணவில்லை.

---

மோல்மேன்_மைந்தன் (மோல்மேன்)

நான் கிறிஸ்தவன் இல்லை, முருகன் கோயில்காரன். இந்த இழையில் நுழையலாமா என்று யோசித்தேன். ரூத் அக்கா பேசிவிட்டதால் நானும் பேசுகிறேன்.

எங்கள் பக்கம் கோடை விடுமுறையில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். பிள்ளைகள் ஸ்கூலில் முழுக்கப் பர்மிய மொழியில் படிக்கிறார்கள், அ ஆ இ ஈ தெரிய வேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி. சபைப் பிள்ளைகளும் வருவார்கள். சொல்லிக்கொடுக்கும் டீச்சரம்மா சபையைச் சேர்ந்தவர். யாருக்கும் இதில் பிரச்சினை இருந்ததில்லை. ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு கிறிஸ்தவக் குழு வந்தது. எந்த ஊர் என்று சொல்லவில்லை. அதில் ஒருவர் டீச்சரம்மாவிடம், விக்கிரகம் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பாடம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டார். கோயில் வாசலில் துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இங்கே கோயில் கமிட்டியில் ஒரு கூட்டம், சபையில் ஒரு கூட்டம். டீச்சரம்மா அடுத்த வருஷமும் வந்தார் என்றால் அது அவருடைய மனத்திடம்.

அமெரிக்க மிஷனரி ஜட்சன் பெயரைச் சொல்லாத கிறிஸ்தவர் பர்மாவில் இல்லை. அந்த மனிதர் 1813-இல் ரங்கூனில் இறங்கினார். முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல். அதுவரைக்கும் பர்மிய மொழி படித்தார், பாதையோரத்தில் மடம் கட்டி உட்கார்ந்து போகிறவர் வருகிறவரோடு பேசினார். முதல் மனைவியையும் பிள்ளைகளையும் இந்த மண்ணிலேயே பறிகொடுத்தார். அவர் மொழிபெயர்த்த பைபிள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நான் அவர் மதம் இல்லை, ஆனாலும் அந்த மனிதர் மேல் மரியாதை உண்டு. சுற்றுலா விசா 28 நாள். அதில் என்ன ‘பலன்’ எதிர்பார்க்கிறது உங்கள் கமிட்டி?

---

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. இரண்டு வேண்டுகோள். பர்மாவில் இருப்பவர்களின் ஊர், சபை, கோயில் பெயர்களை இங்கே எழுத வேண்டாம். ஒருவர் இணைத்திருந்த பழைய குழுப்படத்தை எடுத்துவிட்டேன், முகங்கள் தெரிந்தன. மத விவாதம் தொடங்கினால் இழை பூட்டப்படும். மோல்மேன்_மைந்தன் எழுதியது மத விவாதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், புகார் பொத்தானை அழுத்தியவருக்கு.

---

பொருநை_ஜெபா

ரூத் அக்கா, ‘எளிமை’ என்ற சொல் என் வரைவில் இருந்தது. எடுத்துவிட்டேன்.

மோல்மேன் அண்ணனுக்கு: நீங்கள் சொன்ன குழுவில் இருந்தவரைப் போன்றவர்கள் எங்கள் கூட்டத்திலும் இருந்தார்கள். அந்தச் சபையில் அவர்களை அடக்கியது வாக்குவாதம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெருப் பர்மியர்களும் சாதாரணமாக வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசின பாட்டி ஒருத்தி எங்கள் தலைவர் அண்ணன் இலையில் தன் கையால் ஙாப்பியை (புளிக்கவைத்த மீன் விழுது) வைத்தார். நாற்றத்தில் அவருக்குக் கண் பிதுங்கியது. சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும், பாட்டி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது, வைக்கிறதைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு போகாதிருங்கள் என்று சொன்னது லூக்கா 10-இல் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமே செய்திருக்கிறேன். அது பட்டினி கிடக்கும் ஊழியருக்குச் சொன்ன ஆறுதல் என்றுதான் நினைத்திருந்தேன். போகிறவன் வாயைக் கட்டுப்படுத்தச் சொன்னதாகவும் அதைப் படிக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

இன்னொன்று. அங்கே ஒரு வயதான அம்மா, இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் தன் அக்காவைப் பற்றி விசாரிப்பார். அக்கா கல்யாணமாகி 1960-களில் கப்பலேறியவர், பட்டுக்கோட்டைப் பக்கத்து மாப்பிள்ளை. முதலில் கடிதம் வந்ததாம், பிறகு நின்றுவிட்டது. வியாசர்பாடி என்று ஒரு சொல் மட்டும் அம்மாவுக்கு நினைவில் இருக்கிறது. பெயர்களை எழுதி வாங்கி வந்தேன். இரண்டு பேரிடம் விசாரித்தேன், தகவல் இல்லை. இங்கே யாராவது வியாசர்பாடிக்காரர்கள் இருக்கிறீர்களா?

---

வியாசை_தாஸ் (வியாசர்பாடி, சென்னை)

இருக்கிறேன். எங்கள் பாட்டியும் அந்தக் கப்பல்தான். நகை நட்டுகூட எடுத்துவர விடவில்லை, காதில் கிடந்ததையும் கழற்றினார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. பெயரையும் ஊரையும் தனி மடலில் அனுப்புங்கள். பெகுவிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே சில உண்டு. ஆனால் ஒன்று சொல்கிறேன், வியாசர்பாடியில் இறங்கினவர்கள் எல்லோரும் இங்கேயே இருக்கவில்லை. காரைக்குடி, தஞ்சாவூர் பர்மா காலனிகளையும் விசாரிக்க வேண்டும். கல்யாணமாகி வந்தவர் என்றால் மாப்பிள்ளை பெயரும் வேண்டும், ரேஷன் கார்டு எல்லாம் அந்தப் பெயரில்தான் இருந்திருக்கும்.

நான் இந்த மிஷன் விஷயத்தில் கருத்துச் சொல்லத் தகுதியில்லாதவன். ஆனால் பர்மாவுக்குப் போய் வரும் குழு எதுவும் இதுவரை இப்படி ஒரு ஆளைத் தேடி எங்கள் பேட்டைக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிட வந்திருக்கிறார்கள்.

---

வேப்பேரி_சாம்

ரூத் அக்கா சொன்ன பணக் கணக்கு எனக்குப் புதுசு. அந்த மட்டுக்கு என் பேச்சைக் குறைத்துக்கொள்கிறேன். மீதியைக் குறைக்க மாட்டேன்.

ஜெபா தம்பி, நேரடியாகக் கேட்கிறேன். பாளையங்கோட்டையில் கட்டட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பையன்கள் வந்திருப்பார்கள். அதில் கிறிஸ்தவர்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை கோயில் தேடுகிறவர்கள். பெகுவில் உங்களுக்கு யாரோ இலை போட்டார்கள் அல்லவா, உங்கள் சபையில் இவர்களுக்கு யார் இலை போட்டார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் கட்டத்தில் அதை எழுதுங்கள். மனசு மாறியது, கண் திறந்தது எல்லாம் வேண்டாம்.

---

பொருநை_ஜெபா

அசனத்துக்கு, அதான் சபைப் பொது விருந்துக்கு, வருகிறார்கள் அண்ணே. போன இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறோம். ஆனால் கடைசிப் பந்தியில் உட்காருகிறார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, முதல் பந்தியில் வந்து உட்காருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆராதனை முழுக்கத் தமிழில்தான். ஒரு பையன் மட்டும் தன் ஊர்ப் பக்கத்துச் சாத்ரி மொழியில் ஒரு பாட்டுப் பாடினான், குருத்தோலை ஞாயிறு அன்று. அதற்கே இரண்டு மூப்பர்கள் முகம் சுளித்தார்கள்.

---

ஓய்வு_வாத்தியார்

அதை எழுது, தம்பி. முகம் சுளித்ததையும் சேர்த்து எழுது.

---

பெகு_ஞானம்

பேரன் தட்டச்சு செய்கிறான். எனக்கு எழுபதுக்கு மேல். ஜெபா தம்பி சொல்கிற சபை எது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் அந்தச் சபை இல்லை.

அந்தக் கூடைக்கு ஒரு காரணம் உண்டு. ரூத் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தது. ஐராவதி முகத்துவாரத்தில்தான் பேரழிவு, 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் செத்தும் காணாமலும் போனார்கள். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் கூரை போனது, கடலோரத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பிறகு உதவி வந்தது. கொண்டுவந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வீட்டில் இறக்கினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை என்று சபைகளில் சண்டை. அண்ணன் தம்பி பேச்சு நின்ற வீடு உண்டு. என் வீடும் அதில் ஒன்று. மூட்டை தீர்ந்தது, சண்டை தீரவில்லை. அதற்குப் பிறகுதான் சில சபைகளில் இந்த ஒழுங்கு வந்தது. எது வந்தாலும், யார் கொடுத்தாலும், கூடைக்குள் போகும். அளக்கிற ஆளை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவோம்.

2025 மார்ச்சில் மண்டலே பக்கம் பூகம்பம் வந்தபோது இந்தக் கூடை அரிசிதான் ஒரு வேனில் போனது. அங்கே இறக்கியவர்களிடம், நீங்களும் ஒரு இடத்தில் கொட்டி அளந்து கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். கேட்டார்களோ என்னவோ.

வருகிறவர்கள் மாறிப் போகிறார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. நன்றாகச் சாப்பிட்டார்களா என்பது தெரியும்.

---

மோல்மேன்_மைந்தன்

ஐயா, அளக்கிற ஆளை மாற்றுவது நல்ல யோசனை. எங்கள் கோயில் அன்னதானத்துக்கும் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது அளக்கிறவர் பல வருஷமாக ஒரே ஆள், எங்கள் மாமா. என் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பொருநை_ஜெபா

ஞானம் ஐயா, நன்றி. புயல் விஷயம் எங்களிடம் யாருமே சொல்லவில்லை. மூட்டைகளோடு போய் இறங்கியபோது அந்த மூப்பர் எங்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

வரைவு இப்படி வந்திருக்கிறது, பாருங்கள்:

‘நடத்திய கூட்டங்கள்: இல்லை. பங்கேற்ற ஆராதனைகள்: அவர்கள் நடத்தியவை. கொடுத்த அரிசி: அந்தச் சபையின் ஒழுங்குப்படி பொதுவில் அளக்கப்பட்டது, யாருக்குப் போனது என்பதற்குப் பதிவு வேண்டாம் என்று அவர்கள் விரும்பினார்கள். அங்கே கற்றுக்கொண்டதை வைத்து நம் சபையில் தொடங்கியவை: கிறிஸ்துமஸ் உதவியைப் பேனர் இல்லாமல் கொடுப்பது, வடமாநிலத் தொழிலாளர்களை அசனத்துக்கு அழைப்பது. இரண்டும் அரைகுறையாக நிற்கின்றன. கமிட்டி முடிவெடுக்க வேண்டியது: மேடை, பந்தி வரிசை.’

அந்தச் சபையார் எங்களுக்காகச் செலவழித்த தொகையையும் ஒரு வரியில் போட ஆசை. கேட்டால் சொல்வார்களா?

---

ரங்கூன்_ரூத்

சொல்ல மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். ‘அவர்களும் செலவு செய்தார்கள்’ என்று மட்டும் போடுங்கள். தொகை போட்டால் உங்கள் கமிட்டியில் யாராவது அதைத் திருப்பி அனுப்பி வைப்பார், அதைவிட அவமானம் வேறு இல்லை.

கமிட்டி வேறு எந்த நாட்டுக்குப் போனாலும் சரி, வீட்டுக்காரியாக நான் சொல்வது: அழைத்தால் மட்டும் போங்கள். கூட்டமாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். அங்கே எது இல்லையோ அந்த வேலை தெரிந்த ஆளை அனுப்புங்கள். எங்களிடம் ஒருமுறை வந்த குழுவில் ஒரு பெரியவர் வாயே திறக்கவில்லை. ஓரத்தில் கிடந்த பழைய ஆர்மோனியத்தைப் பிரித்து, துருத்தியில் இருந்த ஓட்டைகளுக்குத் தோல் ஒட்டி, கட்டைகளைத் துடைத்து, ரீடுகளை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போனார். அந்தக் குழுவில் பிரசங்கம் செய்தவர்களின் முகம்கூட எனக்கு நினைவில்லை. ஆர்மோனியம் இப்போது அருமையாக இருக்கிறது, வாசிக்கத்தான் ஆள் இல்லை. கற்றுக்கொள்ள ஆரம்பித்த இரண்டு பையன்களும் 2024-இல் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்ததும் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டார்கள். வாலிபர் கூட்டம் என்று பெயர்தான், வருகிறவர்கள் எல்லாம் அம்மாக்கள்.

இப்போதைக்கு இங்கே யாரும் குழுவாக வராதீர்கள். காலம் சரியில்லை.

ஒரு உதவி மட்டும் செய்யலாம். எங்கள் பிள்ளைகள் கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். கீர்த்தனைகள் இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார் கேட்டால் தாங்க மாட்டார். பெரியவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், கண்தான் தெரியவில்லை. பெரிய எழுத்துப் பாமாலையும் கீர்த்தனைப் புத்தகமும் கிடைக்குமா?

---

வேப்பேரி_சாம்

பெரிய எழுத்துப் பதிப்பு சென்னையில் கிடைக்கும், நான் வாங்குகிறேன். தபாலில் போகுமா?

---

ரங்கூன்_ரூத்

தபாலை நம்ப வேண்டாம் அண்ணே. சொந்த வேலையாக வருகிறவர் யாராவது இருந்தால் பெட்டியில் துணிகளுக்கு நடுவே நாலைந்து வைத்துக் கொண்டுவரலாம். அதற்கு மேல் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள், கஸ்டம்ஸில் எதற்கு இத்தனை என்று கேட்பார்கள்.

---

வியாசை_தாஸ்

எங்கள் தெருவில் துணி வியாபாரத்துக்காக யாங்கோன் போய் வருகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். முஸ்லிம், ஆனால் அதெல்லாம் பார்க்க மாட்டார். சாம் சார், புத்தகத்தை வாங்கி என்னிடம் கொடுங்கள், கேட்டுப் பார்க்கிறேன். ஜெபா, அந்த அம்மாவின் அக்கா மாப்பிள்ளை பெயர் இன்னும் வரவில்லை.